மாட்டுக் கடனும் பல்கலைக்கழக வேலையும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. பத்தொன்பது வயசுல கல்யாணம். வீட்டுக்காரர் தறி ஓட்டறாரு. ரெண்டு பிள்ளைங்க. 2012ல குழுவுல சேர்ந்தேன். மேடை ஏறிப் பேசறது இதுதான் முதல் தடவை. தப்பா ஏதாவது சொல்லிட்டா மன்னிச்சுக்கோங்க.

"பல்கலைக்கழகத்துல இருக்கிற வேலைவாய்ப்பு பத்திப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. "நானா? படிச்ச புள்ளைங்க யாரையாவது பேசச் சொல்லுங்க அக்கா"ன்னேன். "படிச்சவங்க வேலையைப் பத்திச் சொல்லுவாங்க. நீ ஏமாந்ததையும் சேர்த்துச் சொல்லுவ, அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன்"னாங்க. அதனால ஏமாந்த கதையில இருந்தே ஆரம்பிக்கிறேனுங்க.

2018ல நான் எங்க குழுவுக்கு ஊக்குநரா இருந்தேன். கணக்கு நோட்டு, தீர்மானப் புத்தகம், பாஸ் புக்கு எல்லாம் என் கையிலதான். அப்ப பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்து போவாரு. கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்துல எல்லாரையும் தெரியும்னு சொல்லிட்டிருந்தாரு. "பத்தாவது போதும் அம்மிணி. நிரந்தர வேலை, அறுபது வயசு வரைக்கும் சம்பளம். ஒரு அறுபதாயிரம் மட்டும் ஆகும்"னு சொன்னாரு. அவர் வெள்ளை வேட்டியில, பைல் கட்டோட வருவாரு. நாங்க நம்பிட்டோம்.

எங்ககிட்ட ஏதுங்க அவ்வளவு பணம்? என் தோட்டை அடகு வெச்சு இருபதாயிரம் புரட்டினோம். மீதி நாற்பதாயிரத்துக்குக் குழுவுல உள்கடன் கேட்டேன். வேலைக்குக் கொடுக்கப் பணம் வேணும்னு கேட்டா யாரும் தரமாட்டாங்கன்னு எனக்கே தெரியும். அதனால "கறவை மாடு வாங்க"ன்னு கேட்டேன். எல்லாரும் சரின்னாங்க. தீர்மானப் புத்தகத்துல "கறவை மாடு வாங்க ரூபாய் 40,000 கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது"ன்னு என் கையாலேயே எழுதினேன். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. மூணு பேர் கைநாட்டு வெச்சாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு கடிதம் வந்துச்சு. மேல பல்கலைக்கழகத்தோட பேரு, கீழ ரப்பர் ஸ்டாம்பு. அதை எடுத்துக்கிட்டு, நல்ல சேலை கட்டிக்கிட்டு, காந்திபுரத்துல மருதமலை பஸ் ஏறி லாலி ரோட்டுல இறங்கினேன். ஆபீசுல இருந்தவர் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சாரு. "இப்படி ஒரு உத்தரவு இங்கிருந்து போகலீங்கம்மா. இங்க வேலைக்கு யாரும் பணம் கேட்கமாட்டாங்க. உங்களை யாரோ ஏமாத்தியிருக்காங்க"ன்னு சொன்னாரு. குடிக்கத் தண்ணியும் கொடுத்தாரு. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அந்த ரோட்டோர மரத்தடியிலயே உட்கார்ந்திருந்தேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறதுன்னு தெரியலை.

பணம் வாங்கினவர் ஊரையே காலி பண்ணிட்டாரு. ஸ்டேஷன்ல மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். ஆனா பணம் கொடுத்ததுக்கு எங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே. போனது போனதுதான்.

குழுவுல சொல்லலீங்க. எட்டு மாசம் மறைச்சேன். மாடு எங்கேன்னு கேட்டா மேய்ச்சலுக்குப் போயிருக்குன்னேன். இன்னொரு நாள் எங்க அம்மா ஊர்ல கட்டியிருக்குன்னேன். தவணையை அங்க இங்க வாங்கிக் கட்டினேன். ராத்திரி தூக்கமே கிடையாது. கடைசியில ஒரு மாசக் கூட்டத்துல, கணக்கு வாசிச்சுக்கிட்டிருந்தவ அழுதுட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

எங்க குழுவுலேயே மூத்தவங்க ஒருத்தங்க இருக்காங்க. நாங்க எல்லாரும் ஆத்தான்னுதான் கூப்பிடுவோம். இன்னைக்கும் முன் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அவங்க சொன்னது எனக்கு இன்னும் அப்படியே காதுல இருக்கு. "பணம் போனது போகட்டும் அம்மிணி. நான் மெனக்கெட்டு மாட்டைப் பார்க்க வந்தப்ப, மேய்ச்சலுக்குப் போயிருக்குன்னியே, அதுதான் எனக்குத் தாங்கலை."

குழு என்னை நீக்கலை. ஆனா ஊக்குநர் பொறுப்பை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாங்க. அது நியாயம்தான். மீதிக் கடனை மாசம் ரெண்டாயிரமாப் பிரிச்சுக் கட்டச் சொன்னாங்க. ஒரு மாசம்கூடத் தவறாம கட்டி முடிச்சேன்.

இப்ப நிஜ வேலைக்கு வர்றேன். 2021ல கிரிஷி விக்யான் கேந்திராவுல, அதாவது நம்ம வேளாண் அறிவியல் நிலையத்துல, காளான் பயிற்சிக்குப் போனேன். அங்க ஒரு மேடம்கிட்ட என் கதையைச் சொன்னேன். அவங்கதான் எனக்கு விளங்கற மாதிரி எடுத்துச் சொன்னாங்க. அதையே உங்களுக்கும் சொல்றேன்.

இந்தப் பல்கலைக்கழகம் முதல்ல 1868ல சென்னை சைதாப்பேட்டையில ஒரு விவசாயப் பள்ளிக்கூடமா ஆரம்பிச்சது. 1906ல கோயமுத்தூருக்கு வந்துச்சு. 1971ல பல்கலைக்கழகம் ஆச்சு. பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற இடம்னு மட்டும் நினைக்காதீங்க. புது நெல்லு, புதுப் பருத்தி, புதுக் காய்கறி ரகம் கண்டுபிடிக்கிற இடம் அது. நம்ம பெரியவங்க விதைச்ச எம்.சி.யு.5 பருத்தி கோயமுத்தூர்ல உருவாக்கி 1968ல வெளியிட்டதுதான். எம்.சி.யு.ன்னா மெட்ராஸ், கம்போடியா, உகாண்டாவாம். எனக்கும் அங்க போனப்பறம்தான் தெரியும்.

இப்படிப்பட்ட பெரிய இடத்துல வேலை மூணு வகையா இருக்குதுங்க.

முதல் வகை நிரந்தர வேலை. உதவிப் பேராசிரியர் மாதிரி. அதுக்குப் பெரிய படிப்பு வேணும், முறைப்படி அறிவிப்பு வரும், தேர்வும் நேர்காணலும் இருக்கும். வீட்டுக்கு வந்து யாரும் அந்த வேலையைக் கொடுக்க முடியாது.

ரெண்டாவது வகைதான் அதிகமா வர்றது. அதுக்குத் திட்ட வேலைன்னு பேரு. மத்திய அரசோ, மாநில அரசோ, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமோ ஒரு ஆராய்ச்சிக்குன்னு ரெண்டு வருஷத்துக்கு, மூணு வருஷத்துக்குப் பணம் ஒதுக்கும். ஒரு பேராசிரியர் அதுக்குத் திட்டத் தலைவரா இருப்பாரு. அந்தப் பணத்துல அவருக்கு உதவிக்கு ஆள் எடுப்பாங்க. இளநிலை ஆராய்ச்சியாளர், முதுநிலை ஆராய்ச்சியாளர், திட்ட உதவியாளர், தொழில்நுட்ப உதவியாளர்னு பல பேரு. முதுகலை படிச்சு தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜெயிச்ச இளநிலை ஆராய்ச்சியாளருக்கு, மத்திய அரசு 2023 ஜனவரியில இருந்து மாசம் 37,000 ரூபாய்னு உயர்த்தியிருக்கு. முதுநிலைக்கு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆனா எல்லாத் திட்டத்துலயும் இதே தொகை இருக்காது. அறிவிப்புல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. நம்ம பொண்ணுங்க பன்னிரண்டாவது முடிச்சு ரெண்டு வருஷ விவசாயப் பட்டயப் படிப்பு படிச்சா, உதவியாளர் வேலை சிலதுக்குப் போகலாம்.

மூணாவது வகை நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு. வயல் வேலை, விதை சுத்தம் பண்றது, செடிக்கு அட்டை கட்டறது, ஆய்வுக்கூடத்துல கண்ணாடிச் சாமான் கழுவறது, கணக்கு எழுதறது. சிலது தினக்கூலி, சிலது ஒப்பந்தம்.

வேளாண் அறிவியல் நிலையம்னு சொன்னேனே, நாட்டுலயே முதல் நிலையம் 1974ல புதுச்சேரியில வந்தது. அதை அப்ப கோயமுத்தூர்ப் பல்கலைக்கழகம்தான் நடத்துச்சு. இப்ப ஒவ்வொரு நிலையத்துக்கும் 16 பணியிடம். தலைவர் ஒருத்தர், பாட வல்லுநர்கள் ஆறு பேர், பண்ணை மேலாளர், திட்ட உதவியாளர்கள், அலுவலகத்துக்கு ரெண்டு பேர், டிரைவர் ரெண்டு பேர், உதவிப் பணியாளர் ரெண்டு பேர். உதவிப் பணியாளருக்குப் பத்தாவது படிச்சவங்களைக் கேட்பாங்க. ஆனா இடம் ரெண்டே ரெண்டுதான், அதுவும் காலியானாத்தான். ஆசைப்படறதுக்கு முன்னாடி எண்ணிக்கையும் தெரிஞ்சிருக்கணுமுங்க.

எனக்குக் கிடைச்சது பருத்தித் திட்டம் ஒண்ணுல வயல் உதவி. நேர்ல போனேன். பேராசிரியர் அய்யா ஒரு தாளைக் கொடுத்து, "கூட்டல் போட்டுக் காட்டுங்கம்மா"ன்னாரு. குழுக் கணக்கு எழுதின கை ஆச்சே, கடகடன்னு போட்டேன். "எங்க கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டாரு. "குழுவுலங்கய்யா"ன்னேன். பணம் ஒரு பைசா யாரும் கேட்கலை. ஒரு போட்டோ, மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தக நகல், அவ்வளவுதான்.

அந்த வேலை எப்படின்னு கொஞ்சம் சொல்றேன். சாயங்காலம் மூணு மணிக்கு மேல வயலுக்குள்ள போவோம். மறுநாள் மலரப் போற பருத்தி மொக்கைப் பார்த்து எடுக்கணும். கட்டை விரல் நகத்தால மொக்கைச் சுத்திக் கீறி, இதழையும் மகரந்தத்தையும் சேர்த்துக் கழட்டணும். உள்ள இருக்கிற சூல்ல நகம் படக்கூடாது. பட்டா காய் பிடிக்காது. அது மேல சிவப்புத் தாள் பை மாட்டணும். விடிஞ்சதும் எது எதுல கழட்டினோம்னு தூரத்துல இருந்தே தெரியணுமில்ல, அதுக்குத்தான் சிவப்பு. மறுநாள் காலையில வேற ரகத்து ஆண் பூவைக் கொண்டுவந்து தடவி, வெள்ளைப் பை மாட்டி, காம்புல நூல் கட்டுவோம். ஒரு ஆண் பூ நாலஞ்சு மொக்குக்கு வரும். அறுப்புல நூல் இருக்கிற காயைத் தனியாப் பறிப்போம். கலப்பின விதை அப்படித்தான் வருது. ஆராய்ச்சின்னா கண்ணாடி போட்டவங்க மட்டும் செய்யறதுன்னு நினைச்சிருந்தேன். அதுல பாதி பொம்பளைங்க நகத்துலதான் இருக்குதுங்க.

சாயங்காலம் ஒவ்வொரு செடியிலயும் எத்தனை பூ, எத்தனை காய்னு நோட்டுல எழுதணும். ஒரு நாள் மழை. ஒரு வரிசையை நான் எண்ணலை. நேத்து இருந்ததுதானே இன்னைக்கும் இருக்கும்னு நேத்துக் கணக்கையே பார்த்து எழுதிட்டேன். அடுத்த நாள் ஆராய்ச்சி படிக்கிற பொண்ணு ஒண்ணு என்னை வரிசைக்குக் கூட்டிட்டுப் போச்சு. "அக்கா, பதினாலாம் செடியில ஏழு காய்னு எழுதியிருக்கீங்க. அந்தச் செடியைப் பாருங்க"ன்னுச்சு. செடி வேரழுகிச் சாய்ஞ்சு கிடக்குது. என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை. "எண்ணலைன்னா ஒரு கோடு போடுங்க அக்கா. கோடு போட்டா ஒண்ணும் தப்பில்லை. இல்லாததை எழுதினீங்கன்னா எங்க ரெண்டு வருஷ வேலையும் பொய்யாப் போயிரும்"னு மெதுவாத்தான் சொல்லுச்சு.

எனக்கு உடனே என் மாடு ஞாபகம் வந்துச்சு. இல்லாத மாட்டைத் தீர்மானப் புத்தகத்துல எழுதினவ, இங்க வந்தும் இல்லாத காயை எழுதியிருக்கேன். அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்டயும் பேராசிரியர் அய்யாகிட்டயும் நானே போய்ச் சொல்லி, அந்த வரிசை முழுசையும் மறுபடி எண்ணிக் கொடுத்தேன். அதுக்கப்பறம் ஒரு நாள்கூட அப்படி எழுதினதில்லை.

2023ல திட்டம் முடிஞ்சது. வேலையும் முடிஞ்சது. ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டாங்க. கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா ஏமாந்த மாதிரி இல்லை. இத்தனை நாளைக்குத்தான்னு தெரிஞ்சே போனது, அதனால வந்த கூலியில அடகுத் தோட்டை முன்னாடியே மீட்டுட்டேன். பேராசிரியர் அய்யா அனுபவச் சான்றிதழ் கொடுத்தாரு. அதை வெச்சு இப்ப விதை உற்பத்தி பண்ற தோட்டங்களுக்குச் சீசன்ல கலப்பு வேலைக்குப் போறேன். எங்க குழுவுல ஆறு பேருக்கு அந்த வேலையைக் கத்துக் கொடுத்து, அவங்களும் வர்றாங்க.

இப்ப நீங்க வீட்டுக்குப் போய் மறக்கக்கூடாத விஷயங்களைச் சொல்றேன்.

ஒண்ணு. வேலைக்குப் பணம் கேட்டா அது வேலை இல்லை. விண்ணப்பக் கட்டணம்னு இருந்தா அது அறிவிப்புலயே போட்டிருக்கும், பல்கலைக்கழகத்தோட பேர்லதான் கட்டச் சொல்லும். தனி ஆள் கணக்குல போடச் சொன்னா எழுந்து வந்துருங்க.

ரெண்டு. அறிவிப்பைப் பல்கலைக்கழகத்தோட சொந்த இணையதளத்துல பாருங்க. கல்லூரி, பல்கலைக்கழக முகவரி பெரும்பாலும் "ஏசி டாட் இன்"னு முடியும். வாட்ஸ்அப்புல வர்றதை அதுல இருக்குதான்னு சரிபாருங்க. இங்கிலீஷ்ல இருந்தா படிக்கிற பிள்ளைங்களை விட்டு வாசிக்கச் சொல்லுங்க.

மூணு. வாசிக்கும்போது ஆறு விஷயத்தைத் தேடுங்க. திட்டத்தோட பேரு, எத்தனை இடம், என்ன படிப்பு, எவ்வளவு சம்பளம், எத்தனை மாசம், நேர்காணல் தேதி. "முற்றிலும் தற்காலிகம்"னு போட்டிருந்தா அது நிஜமாவே தற்காலிகம். பின்னால நிரந்தரம் ஆக்கிருவாங்கன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

நாலு. நேர்காணலுக்கு அசல் சான்றிதழ் கொண்டு போங்க, காட்டிட்டுத் திருப்பி வாங்கிட்டு வாங்க. நகலை மட்டும் கொடுங்க. பஸ் காசு பெரும்பாலும் தரமாட்டாங்க.

அஞ்சு. வயசு தாண்டிருச்சுன்னு படிச்ச பொண்ணுங்களை வீட்டுல உட்கார வெக்காதீங்க. பல ஆராய்ச்சி வேலைகள்ல பெண்களுக்கு வயசுத் தளர்வு இருக்கு. நம்ம கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல 1934லயே ஜானகி அம்மாள்னு ஒரு அம்மா விஞ்ஞானியா வேலை பார்த்திருக்காங்க. பின்னால பத்மஸ்ரீ வாங்கினாங்க. அந்தக் காலத்துலயே முடிஞ்சதுன்னா இப்ப முடியாதா?

ஆறு. தினக்கூலியா இருந்தாலும் நமக்குப் பாதுகாப்பு உண்டு. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல பெண்கள் புகார் கொடுக்க உள்ளகக் குழு இருக்கணும்னு 2013 சட்டம் சொல்லுது. ஒப்பந்தத்துல வந்தவங்களும் கூலிக்கு வந்தவங்களும் அதுல அடக்கம். மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

கடைசியா, கூட்டமைப்புக்கு என் சார்பா மூணு வேண்டுகோள் வெக்கிறேனுங்க.

நம்ம அலுவலகத்துல ஒரு நோட்டுப் போட்டு, மாசம் ஒரு தடவை பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலைய அறிவிப்புகளைப் பார்த்துத் தமிழ்ல எழுதி வெக்கணும். நம்ம குழுக்கள்ல கல்லூரி படிக்கிற பிள்ளைங்க இருக்காங்க, அவங்க செய்வாங்க. ரெண்டாவது, தேர்வுக் கட்டணம், நகல், பஸ் செலவுக்குன்னு சின்னதா ஒரு கடன் வெக்கணும். ஐநூறு, ஆயிரம் போதும். அந்தச் செலவுக்குக்கூடக் காசு இல்லாமத்தான் எத்தனையோ பொண்ணுங்க விண்ணப்பம் போடாமலே விட்டுடறாங்க. மூணாவது, எந்தக் குழுவும் வேலை வாங்கறதுக்குன்னு கடன் கொடுக்கக்கூடாது, வேற பேர் சொல்லிக் கேட்டாலும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் கொடுக்கணும். இதைத் தீர்மானமாப் போடணும். என்னை மாதிரி ஒருத்தி மறுபடி வரக்கூடாது.

போன தை மாசம் நாங்க நிஜமாவே ஒரு கறவை மாடு வாங்கினோம். சொந்தச் சேமிப்புல பாதி, குழுக் கடன்ல பாதி. வீட்டுக்கு ஓட்டிட்டு வந்த அன்னைக்கே ஆத்தாவை ஆள் விட்டுக் கூப்பிட்டேன். அவங்க வந்து மாட்டைச் சுத்திப் பார்த்தாங்க, மடியைத் தொட்டுப் பார்த்தாங்க. "இது மேய்ச்சலுக்குப் போகுமா அம்மிணி?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். எனக்குச் சிரிப்போட அழுகையும் வந்துச்சு.

தப்புப் பண்ணினவளைத் தள்ளி வெக்காம, கடனையும் கட்ட வெச்சு, இன்னைக்கு மேடையிலயும் ஏத்தின என் குழுவுக்கு நன்றி.